ஆடி மாதத்து டெஸ்ட் டிரைவ்

கார் வாங்கும் உத்தேசம் துளியும் இல்லாமல் கார் ஷோரூமுக்குள் நுழைவது ஒரு கலை. அந்தக் கலையில் தர்ஷித்தை மிஞ்ச கோயம்புத்தூரில் ஆள் கிடையாது. கிரைண்டர் கம்பெனியில் உத்தியோகம். வாரம் முழுக்க, மாவரைக்கும் கல் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஆளே வேறு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் கொஞ்சம் அத்தர், கையில் ஒரு கனத்த சாவிக்கொத்து. அதில் ஒரு சாவி அவருடைய பழைய மொபெட்டுக்கு, இன்னொன்று மொட்டைமாடிக் கதவுக்கு. ஆனால் மேஜைமேல் அதை அவர் வைக்கிற தோரணையைப் பார்த்து விற்பனைப் பிரிவே எழுந்து நிற்கும். "பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு இருக்குதுங்க" என்பார். பொய் சொல்லவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் யார் யாருக்கோ தோப்பு இருக்கத்தான் செய்தது.

ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கும்போது வழக்கமாக ஒரு வாசகம் சொல்வார். "வண்டி பிரமாதமுங்க. வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றனுங்க." அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

இதெல்லாம் நடந்தது 2071-இல். தர்ஷித், ஹாசினி, விஹான் என்பதெல்லாம் தாத்தா பாட்டிப் பெயர்களாகிவிட்ட காலம். பிள்ளைகளுக்கு மரகதம், ஏகாம்பரம் என்று நாகரிகமாகப் பெயர் வைத்தார்கள். ரோட்டில் ஓடிய கார்கள் எல்லாம் தாமாகவே ஓடின, எல்லாமே ஒரே மாதிரி ஓடின. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளை விட்டால், ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை தர்ஷித்துடையது. எஞ்சின் வைத்த கார் என்றால் பணக்காரர்கள் வாங்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுதான். அதிலும் அவிநாசி ரோட்டில் 'வேங்கை' கார் விற்ற ஷோரூம்தான் ஊருக்கே பேச்சு.

அந்த ஷோரூமுக்குள் ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை தர்ஷித் நுழைந்தபோது, விற்பனை அதிகாரி சுந்தரவடிவு மட்டும் தனியாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. தோப்பெல்லாம் சௌக்கியமா?" என்றாள். இவர் வண்டவாளம் முழுக்க அவளுக்குத் தெரியும்.

தர்ஷித் சாவிக்கொத்தை மெதுவாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "என்ன அம்மிணி, கடை வெறிச்சோடிக் கெடக்குது?"

"ஆடியாச்சுங்களே. தள்ளுபடின்னா துணி எடுப்பாங்க, பாத்திரம் எடுப்பாங்க. வண்டி எடுப்பாங்களா? இங்க நிக்கறது அத்தனையும் வித்தாச்சு. ஆவணி மொதல் முகூர்த்தத்துல டெலிவரி. அதுவரைக்கும் துணி போத்தித் தூங்குது. கடல் தாண்டி இருக்கற ஹெட் ஆபீசுக்கு ஆடியும் தெரியாது, அமாவாசையும் தெரியாது. இந்த மாசம் எத்தன பேரு ஓட்டிப் பாத்தாங்கன்னு கேட்டு உசுர வாங்கறாங்க. இருந்த ஒரு டெமோ வண்டியயும் போன வாரம் ஒரு மில்லுக்காரர் பையன் செவுத்துல சாத்திட்டான்."

"அப்ப நான் போயிட்டு வரட்டுமா?"

"இருங்கண்ணா. உங்களுக்கு ஒரு வண்டி வேணும், எனக்கு ஒரு ஆளு வேணும்." சுந்தரவடிவு எழுந்து போய் மூலையில் நின்ற காரின் போர்வையை உருவினாள். குங்குமச் சிவப்பு. தர்ஷித்துக்கு மூச்சே நின்றுவிட்டது.

"இது வித்த வண்டி இல்லையா? மொதல் சூடு அவங்கதான போடோணும்?"

"சூடுதாங்கண்ணா அவங்க போடோணும். சூடாகறதுக்கு முன்னாடி யாரு ஓட்டுனா என்ன?" அவள் பானட்டைத் தட்டினாள். "இந்த எஞ்சினுக்குள்ள ஒரு மூளை இருக்குதுங்க. புதுசா வர்றப்ப அது இட்லி மாவு. எஞ்சின் மொத மொதல்ல சூடாகறப்ப ஸ்டீயரிங்கப் புடிச்சிருக்கறது யாரோ, அவங்க கை, காலு, மூச்சு, நாடித்துடிப்பு அத்தனையையும் வாங்கிக்கும். சூடேறிட்டா வெந்துரும். அப்பறம் ஆயுசுக்கும் அந்த ஆளு மாதிரியேதான் தானா ஓடும். கம்பெனிக்காரன் என்ன போட்டிருக்கான்? 'உங்கள் கார், உங்களைப் போலவே'. ஆனா நீல லைட்டு எரியற வரைக்கும் மாவு மாவுதான், ஒண்ணும் ஒட்டாது. லைட்டு மஞ்சளாகறதுக்குள்ள திரும்பி வந்துட்டா, வண்டி கன்னி கழியாம அப்படியே நிக்கும்."

"மஞ்சளாயிட்டா?"

"ஆகக்கூடாது" என்றாள் சுந்தரவடிவு. "இட்லிய மறுபடி மாவாக்க முடியுமாங்கண்ணா? நேராப் போங்க, பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்ல இருக்கற மொதல் திருப்பத்துல திரும்பி வந்துருங்க. நான் கூட வரமாட்டேன். எஞ்சின் குளுந்திருக்கறப்ப ரெண்டு பேரு உக்காந்தா அதுக்குக் குழம்பிரும்."

தர்ஷித் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. அடடா, அந்த உறுமல்! கிரைண்டர் சத்தத்தையே கேட்டுக் கேட்டுக் காய்த்துப்போன காதுக்கு அது கச்சேரியாக இருந்தது. கேட்டைத் தாண்டியதும் ஒரே மிதி மிதித்தார். "எவன்டா என்ற முன்னாடி போறவன்? வழி விடுடா!" என்று கண்ணாடிக்குள்ளேயே கத்தினார். ஃபோர்மேனைத் திட்டினார். பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டினார். ரோட்டில் அன்று ஆள் நடமாட்டமே இல்லை, ஆனாலும் திட்டினார். அந்த நிமிஷத்தில் தாம் புலி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. உள்ளங்கை மட்டும் ஏனோ நசநசவென்று வேர்த்துக்கொண்டிருந்தது.

பெட்ரோல் பங்க் திருப்பம் வந்தது. அங்கே கரும்பு லாரி ஒன்று பாதி வழியை அடைத்து நின்றது. கார் நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது, ஒட்டினாற்போல. 'சே, இதுல போயித் திருப்புறதா, வேங்கைன்னா பறக்கோணும்' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு நேராகப் போய்விட்டார். அடுத்த திருப்பம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அது வருவதற்குள் நீல விளக்கு அணைந்து மஞ்சள் விளக்கு எரிந்தது.

திரும்பி வந்து இறங்கியவர் முகத்தைப் பார்த்ததுமே சுந்தரவடிவுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து விளக்கைப் பார்த்தாள்.

"கெடுத்தீங்களேண்ணா!"

"வேகத்துல கவனிக்கலை அம்மிணி. என்ன பண்றது?"

சுந்தரவடிவு வாசலைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், காரின் மேல் போர்வையை இழுத்து மூடினாள். "எஞ்சின் ஆறிட்டா லைட்டு மறுபடி நீலமாயிரும். பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. என்ற வேலை உங்க வாயில இருக்குது, ஞாபகம் வெச்சுக்குங்க."

"வண்டி பிரமாதமுங்க" என்றார் தர்ஷித். "வீட்ல கலந்து பேசிட்டு..."

"போங்கண்ணா!"

ஆவணி வந்தது. யாரோ முகூர்த்தத்தில் வந்து, பூசணி உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, நாயனம் ஒலிக்க அந்தக் காருக்கு 'முதல் சூடு' போட்டுக்கொண்டு போனார்கள். கெட்ட மாதம் என்று அவர்கள் தொடாமல் வைத்திருந்த கார், அந்தக் கெட்ட மாதத்திலேயே எவனோ ஒருவன் கையில் வெந்துபோன விஷயம் ஐயருக்கும் தெரியாது, அம்மனுக்கும் தெரியாது.

வேங்கை கார் வந்த பிறகு ஊரில் யார் குணமும் மூடிவைக்கிற சமாசாரமாக இல்லை. ஒரு டாக்டரின் கார் எங்கே போனாலும் ஜனங்களை ஒரு மணி நேரம் காக்கவைத்தது. ஒரு சினிமாத் தயாரிப்பாளரின் கார் ஜோராகக் கிளம்பிப் பாதி வழியில் நின்றுவிடும். அகிம்சை பற்றி ஊர் ஊராகப் பேசிய ஒரு பெரிய மனிதரின் கார் ஸ்கூல் வாசலில் ஆரன் அடித்துக் குழந்தைகளைத் துரத்தியது. அவர் அதற்கப்புறம் நடந்தே கூட்டத்துக்குப் போனார், எளிமை என்று பேப்பரில் போட்டார்கள்.

பெண்ணைப் பெற்றவர்கள் விடுவார்களா? ஜாதகம் பொய் சொல்லும், தரகர் பொய் சொல்வார், கார் சொல்லாது. மாப்பிள்ளை வீட்டில் வேங்கை இருந்தால், பெண் தனியாக அதில் ஏறி மருதமலை உச்சிவரை போய் வரவேண்டும். கார் தானே ஓடும், அவள் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. இறங்கி வந்து அவள் சரி என்றால் தாம்பூலம். இதற்குக் 'கார் பார்க்கறது' என்று பேர். பெண் பார்க்கிற வைபவத்துக்குக் காலங்கடந்து கிடைத்த பதிலடி என்று பத்திரிகைகள் கொண்டாடின. எத்தனையோ பெண்கள் பாதி மலையில் கதவைத் திறந்து குதித்திருக்கிறார்கள். பீளமேட்டில் ஒருத்திக்கு இடுப்பெலும்பு போனது. ஆனாலும் சடங்கு நிற்கவில்லை.

தை மாதம் தர்ஷித்தின் மகள் மரகதத்துக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை ஏகாம்பரம், பம்ப்செட் கம்பெனி முதலாளி விஹானின் ஒரே பையன். மரகதத்தை ஏதோ கல்யாணத்தில் பார்த்துப் பிடித்துப்போய் அவர்களாகவே வந்தார்கள். மரகதத்துக்கும் பிடித்திருந்தது. அவள் அம்மா ஹாசினிக்குத் தரையில் கால் பாவவில்லை.

பேச்சுவார்த்தை முடிந்து உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் காரைப் பார்க்கலாமே என்று தர்ஷித் மட்டும் தெருவுக்கு வந்தார். பழைய ஆசை, விடுமா?

குங்குமச் சிவப்பு வேங்கை.

அவர் பக்கத்தில் போனதும் அதன் விளக்குகள் இரண்டும் மினுக்கென்று எரிந்தன. டிரைவர் கதவு தானே திறந்தது. உள்ளே சீட் பின்னால் நகர்ந்து, கொஞ்சம் தாழ்ந்து, அவருடைய தொந்திக்கு இடம் விட்டு நின்றது. தர்ஷித் இரண்டு கையாலும் கதவை அடித்துச் சாத்திவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று தெருவை நோட்டம் விட்டார். பிறகு முருங்கை மரத்தடிக்குப் போய் சுந்தரவடிவுக்குப் போன் போட்டார்.

"அதேதாங்கண்ணா" என்றாள் அவள். "பம்ப்செட்காரர் பையனுக்குத்தான் போச்சு. மொதல் கைய அது மறக்காது. உங்களக் கண்டா சாகறவரைக்கும் கதவு தொறக்கும்."

"என்ற பொண்ணு அதுல மலை ஏறப்போறா, அம்மிணி! வர்ற ஞாயித்துக்கெழமை. தனியா!"

"அன்னிக்கு நீங்க எப்படிண்ணா ஓட்டுனீங்க?"

"பேய் மாதிரி ஓட்டுனேன்" என்றார் தர்ஷித். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "கத்துனேன். மிதிச்சேன். எதுத்தாப்ல எவன் வந்தாலும் ஏத்தியிருப்பேன். அந்தக் கோவத்த வெச்சுக்கிட்டு அது கொண்டை ஊசி வளைவுல..."

"அப்ப சொல்லிப்போடுங்க. என்ற வேலை போனாப் போயிட்டுப் போகுது."

அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். எப்படிச் சொல்வது? 'சம்பந்தி, உங்கள் பையன் காரில் இருப்பது உங்கள் பையன் இல்லை, நான்தான். வாங்க வக்கில்லாமல் ஷோரூம் ஷோரூமாக அலைகிற ஓசி கிராக்கி நான்' என்றா? கல்யாணம் நிற்கும். மரகதம் ஆசைப்பட்ட முதல் விஷயம் அப்பனால் நாசமாகும். சொல்லாவிட்டாலோ, அந்தக் கொண்டை ஊசி வளைவில் மரகதமே நாசமாவாள். அந்த வாரம் கம்பெனியில் அவர் பரிசோதித்து அனுப்பிய கிரைண்டர்களில் பாதி எதிர்ப்பக்கமாகச் சுற்றியதாகப் புகார் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மருதமலை அடிவாரத்தில் இரண்டு குடும்பமும் கூடிவிட்டது. விஹான் பட்டு வேட்டியில் நடுநாயகமாக நின்று வந்தவர்களுக்கெல்லாம் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் பக்கத்தில் கைகட்டி நின்றான். தர்ஷித் மட்டும் தள்ளி, அர்ச்சனைத் தட்டுக் கடைக்குப் பின்னால் மறைந்து நின்றார். கிட்டே போனால் கார் கதவைத் திறந்துவிடுமே!

"ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க? வந்து புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று ஹாசினி கூப்பிட்டாள்.

விஹானே அவரைத் தேடி வந்தார். தர்ஷித் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க சம்பந்தி, இன்னிக்கு வேண்டாமுங்களே. அஷ்டமி பாருங்க."

"அஷ்டமி நேத்தே முடிஞ்சுதுங்க."

"வெயிலு ஜாஸ்தியா இருக்குது."

"கார்ல ஏசி இருக்குதுங்க." விஹான் சிரித்தார். "பயப்படாதீங்க. என்ற பையன் சிங்கம். ஆனா ரோட்டுல கண்ணியமான சிங்கம்."

"அதுக்கில்லீங்க, நான் ஒண்ணு சொல்லோணும். ஆடி மாசம்..." என்று ஆரம்பித்தார் தர்ஷித்.

"ஆடிலயா கல்யாணம்? வேண்டவே வேண்டாமுங்க, வைகாசிலயே வெச்சுக்கலாம்" என்று அவர் முதுகில் தட்டிவிட்டு விஹான் போய்விட்டார்.

அதற்குள் மரகதம் ஏறிவிட்டாள். கதவு மூடிக்கொண்டது. தர்ஷித் அப்போதுதான் ஓடினார். "கண்ணு! எறங்கு சாமி! எறங்கு!" என்று கத்திக்கொண்டு செருப்பு ஒருபக்கம் போக ஓடினார். நாயனச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பெண்ணைப் பெற்றவன், பாசம் தாங்காமல் ஓடுகிறான் என்று நினைத்து இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிவப்புக் கார் வளைவில் திரும்பி மறைந்தது.

அடிவாரப் படியில் உட்கார்ந்துவிட்டார் தர்ஷித். முருகா, அந்த ஆடி மாச ஆத்திரத்தை எடுத்துக்கொள். இனி ஷோரூம் வாசலை மிதித்தால் என் காலை எடுத்துக்கொள். கும்பிட்டார், திட்டினார், மறுபடி கும்பிட்டார். போன கார் திரும்பி வரவேண்டிய நேரம் எப்போதோ ஆயிற்று. வரவில்லை. விஹான் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஏகாம்பரம் நகத்தைக் கடித்தான்.

மலையிலிருந்து மினி பஸ் ஒன்று இறங்கி வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "எவன் வீட்டு வண்டிய்யா அது, செவப்புக் காரு?" என்று கத்தினார்.

தர்ஷித் எழுந்து பஸ்ஸிடம் ஓடினார். "என்னங்க ஆச்சு? என்ற பொண்ணு..."

"என்ன ஆச்சா? ஒவ்வொரு வளைவுலயும் நின்னு நின்னு ஆரன் அடிக்குதுய்யா! எறங்கற பஸ்சுக்கு வழி விடுது, சரி. சைக்கிளுக்கு வழி விடுது. ஆட்டுக்கு வழி விடுது. ஒரு கொரங்கு ரோட்டோரமா உக்காந்து பேன் பாத்துட்டிருக்குது, அது எந்திரிச்சுப் போகட்டும்னு நின்னுட்டிருக்குதுய்யா! பின்னாடி வரிசையா வண்டி. அதுக்குப் பேரு வேங்கையாம்!"

கூட்டம் விழித்தது. தர்ஷித் வாயைத் திறந்தபடி நின்றார். ஆட்டுக்கா? குரங்குக்கா? புலியல்லவா அதில் ஏறியிருந்தது?

அப்போதுதான் அவருக்கு அந்தக் கரும்பு லாரி ஞாபகம் வந்தது. கூடவே, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே மனசுக்குள் தாம் ஜெபித்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. கீறல் விழக்கூடாது, கடவுளே, ஒரு கீறல்கூட விழக்கூடாது. இது அடுத்தவன் பொருள். வேகம் வேகம் என்று இத்தனை மாதம் நம்பிக்கொண்டிருந்தாரே, அன்று அந்தத் திருப்பத்தில் அவர் திரும்பாமல் போனதற்கு வேகம் காரணமே இல்லை. பயம். வாய் கத்தியதையும் கால் மிதித்ததையும் கார் சட்டை செய்யவில்லை. வேர்த்துப்போன உள்ளங்கையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு ஒரு பக்கம் வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபக்கம், உயிர் வந்ததே என்று இருந்தது.

கடைசியில் கார் இறங்கி வந்தது, பின்னால் ஆரன் அடித்துக்கொண்டு ஒரு ஊர்வலமே வந்தது. நிறுத்த இடம் தேடி மூன்று முறை முன்னும் பின்னும் போய், பக்கத்துக் காரிலிருந்து ஒரு ஆள் படுக்கிற இடைவெளி விட்டு நின்றது. மரகதம் இறங்கினாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணெல்லாம் நீர்.

"பாத்தீங்களா!" விஹான் முதலில் சுதாரித்தார். "நிதானம்! பொறுமை! ஜீவகாருண்யம்! அதுதான் என்ற பையன்!"

"உச்சில ஒரு டீக்கடை முன்னாடி ஜம்முனு போயி நின்னுச்சுங்க மாமா" என்றாள் மரகதம். "கடைக்காரர் ஓடி வந்து என்ன வேணும்னு கேட்டார். எல்லாரும் திரும்பிப் பாக்கற வரைக்கும் நின்னுட்டு, ஒண்ணுமே வாங்காமக் கெளம்பிருச்சு." சொல்லிவிட்டு அவள் ஏகாம்பரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றிருந்தது. "ஒண்ணு கேக்கட்டுங்களா? இதுக்கு மொதல் சூடு போட்டது நீங்கதானா?"

ஏகாம்பரம் அப்பாவைப் பார்த்தான். விஹான் புருவத்தை உயர்த்தினார்.

"நான்தானுங்க" என்றான் ஏகாம்பரம். "அது ஓடறத நீங்களே பாத்தீங்களே. என்ற சுபாவமே அப்படித்தானுங்க."

மரகதம் கூட்டத்தில் தேடி, அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே தர்ஷித்துக்குத் தெரிந்துவிட்டது, இவள் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது பேசாமல் இருந்தால் போதும். பம்ப்செட் சம்பந்தம், வைகாசியில் கல்யாணம், ஊர் மெச்சும். மகளும் காட்டிக்கொடுக்கமாட்டாள். ஆனால் இந்தப் பையன் யார், எப்படிப்பட்டவன்? கார் பார்த்த லட்சணத்தில் அவள் பார்த்தது தன் அப்பனைத்தான். மாப்பிள்ளையை இன்னும் யாருமே பார்க்கவில்லை.

தர்ஷித் நடந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் காரின் முன்னால் போய் நின்றார்.

விளக்குகள் மினுக்கின. கதவு திறந்தது. சீட் பின்னால் நகர்ந்து, தாழ்ந்து, தொந்திக்கு இடம் விட்டது. நாயனக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"அது நானுங்க" என்றார் தர்ஷித். "எனக்குத் தோப்பு இல்லீங்க, தொரவு இல்லீங்க. சும்மா ஓட்டிப் பாக்கற ஆளு. ஆடில ஓட்டிப் பாத்தேன். சூடாகறதுக்குள்ள திரும்பத் தைரியம் பத்தலை. உங்க பையன் கைக்கு வர்றப்பவே வண்டி வெந்துபோச்சு. தப்பு என்ற மேலதானுங்க. அந்த ஷோரூம் புள்ளைய ஒண்ணும் பண்ணிராதீங்க."

விஹானின் முகம் காரின் நிறத்துக்கு வந்தது. "டேய் ஏகாம்பரம், உனக்குத் தெரியுமாடா இது?"

"தெரியும்ப்பா" என்றான் அவன் தலையைக் குனிந்துகொண்டு. "மொதல் நாள்லயே தெரியும். நான் அவ்வளவு மெதுவா எப்பப்பா போயிருக்கேன்? கேஸ் போடலாம்னுதான் நெனச்சேன். அப்பறம் எல்லாரும் ஏகாம்பரம் தங்கமான பையன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அப்படியே விட்டுட்டேன்."

விஹான் வியாபாரி. கோபப்படுவதில் லாபம் இல்லை என்று நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டார். சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. வெளிய தெரிஞ்சா ரெண்டு குடும்பத்துக்கும்தான் அசிங்கம். வண்டி நல்லாத்தான ஓடுது? புள்ளைக்கும் புடிச்சிருக்குது. அம்மிணி, நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, தாம்பூலத்த மாத்திக்கலாம்."

தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் தயாராக இருந்தன. எல்லோரும் மரகதத்தையே பார்த்தார்கள். அவள் காரைப் பார்த்தாள், ஏகாம்பரத்தைப் பார்த்தாள். அவன் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. ஒரு பெருமூச்சு விட்டாள்.

"வண்டி பிரமாதமுங்க மாமா" என்றாள். "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க."

மொபெட்டில் அப்பாவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள். ஹாசினி ஆட்டோவில் வருவதாகச் சொல்லிவிட்டாள். புருஷனோடு பேச அவளுக்கு நிறைய இருந்தது, அதை வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசுவதாக உத்தேசம்.

"எந்த எடத்துல கண்டுபுடிச்ச, கண்ணு?" என்று கேட்டார் தர்ஷித், திரும்பிப் பார்க்காமல்.

"மொதல் வேகத்தடையிலயே" என்றாள் மரகதம். "ஸ்கூலுக்கு இந்த மொபெட்லதான கூட்டிட்டுப் போவீங்க? ஒவ்வொரு மேட்டுலயும் நின்னு, புடிச்சுக்கிட்டயான்னு கேட்டு, அப்பறந்தான ஏத்துவீங்க. அதுவும் நின்னுச்சுப்பா. நான் கைப்பிடியப் புடிக்கற வரைக்கும் நகரவே இல்லை."

வடவள்ளி திருப்பத்தில் ஒரு வேகத்தடை வந்தது. தர்ஷித் வண்டியை நிறுத்தி, "புடிச்சுக்கிட்டயா?" என்றார்.